வெயிலின் உச்சத்தில் கார் ஏசி: எவ்வளவு குளிர்ச்சியை எதிர்பார்க்கலாம்?

புணே நகரின் மேற்குப் பகுதியான பாணேரிலிருந்து ஹிஞ்சவடி தொழில்நுட்பப் பூங்காவுக்கும் சிவாஜிநகருக்கும் நாள்தோறும் ஓடும் கார்களில், ஜூலை மழைக்காலத்தில் இயக்கிய சில நிமிடங்களிலேயே விரல்கள் சில்லிடும்படி காற்றைத் தரும் அதே ஏசி, ஏப்ரல் இறுதியின் நண்பகலில் கால்மணி நேரம் ஓடிய பிறகும் வெதுவெதுப்பான காற்றையே ஊதுவது ஆண்டுதோறும் நிகழ்வதுதான். கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டி உரிமையாளர் பணிமனைக்குப் போகிறார். அங்கே நீலமும் சிவப்புமாக இரண்டு வட்ட முகங்கள் கொண்ட அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், பல நேரங்களில் எல்லா அளவுகளும் அந்த வெயிலுக்கு இருக்கவேண்டியபடியே இருக்கின்றன. பழுதே இல்லாத இயந்திரம் ஏன் தளர்கிறது, கடும் வெயிலில் அதனிடமிருந்து எவ்வளவு குளிர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயம் என்ற கேள்விகளுக்கு விடை காண, வெயில் காரை எப்படிச் சூடாக்குகிறது, ஏசி அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது என்ற இரண்டையும் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

நிழலின் அளவும் சாலையின் அளவும்

2019 ஏப்ரல் 28 அன்று சிவாஜிநகர் வானிலை ஆய்வகத்தில் வெப்பநிலை 43.0 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. ஏப்ரல் மாதத்தைப் பொறுத்தவரை, 1897 ஏப்ரல் 30 அன்று பதிவான 43.3 டிகிரிக்குப் பிறகு அந்நகரம் கண்ட உச்ச அளவு அது. இந்திய வானிலைத் துறை 1928இல் சிம்லாவிலிருந்து தன் தலைமையகத்தை மாற்றிக்கொண்டு வந்த ஊர் புணே என்பதால், அங்கே வெப்பநிலை அளக்கும் மரபு நீண்டது, நம்பகமானது. ஆனால் அந்த 43 டிகிரி எதன் வெப்பநிலை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெப்பமானி, வெண்ணிறம் பூசி நாற்புறமும் சாய்சட்டங்கள் அடித்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், நேரடி வெயில் படாமல் காற்று மட்டும் தாராளமாக வந்துபோகும்படி வைக்கப்படுகிறது. எனவே செய்தித்தாளில் வரும் எண் நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையே தவிர, வெயிலில் நிற்கும் பொருளின் வெப்பநிலை அன்று.

கார் வாழ்வது அந்தப் பெட்டிக்குள் அன்று. நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டக்கூடும்; அந்தத் தாருக்கு ஓரடி உயரத்தில் இருக்கும் காற்றைத்தான், வெப்பத்தை வெளியே தள்ளும் பொறுப்புள்ள பாகம் உள்ளிழுக்கிறது. முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும், தன் எஞ்சினின் சூடும் அதனோடு சேர்ந்தால், செய்தி 43 என்று சொல்லும் நாளில் காரின் முகப்பு உணரும் காற்று அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு.

பூட்டி நிறுத்திய காருக்குள்

வெயிலில் பூட்டி நிறுத்திய கார், வெளிக்காற்றைவிட ஏன் இவ்வளவு அதிகமாகக் காய்கிறது என்பது இரண்டரை நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் கேள்வியின் இன்றைய வடிவம். சுவிட்சர்லாந்தின் ஒராஸ் தெ சோஸ்யூர் 1767இல் தொடங்கி, உள்ளே கறுப்பாக்கி மேலே கண்ணாடிகளை அடுக்கி மூடிய மரப்பெட்டிகளை வெயிலில் வைத்து, அவற்றின் உள்வெப்பநிலை நீரின் கொதிநிலையையே தாண்டக்கூடும் என்று காட்டினார். கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதையடுத்த குறுகிய அகச்சிவப்புக் கதிர்களையும் உள்ளே விட்டுவிடுகிறது. அவற்றை விழுங்கிச் சூடேறும் பொருள்கள் திருப்பி உமிழும் நெடிய அலைநீள வெப்பக் கதிர்களை வெளியே விடுவதில்லை. இந்தக் கதிர்ப்பொறிதான் முழுக்காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளுள் ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை நெடிய வெப்பக் கதிர்களையும் கடத்தக்கூடிய பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், 55 டிகிரியை ஒட்டிச் சூடேறின. இதிலிருந்து, சூடான காற்று மேலெழுந்து வெளியேறும் வெப்பச்சலனம் தடைப்படுவதே இத்தகைய பெட்டிகளின் சூட்டுக்கு முதன்மைக் காரணம் என்பது தெரியவந்தது.

காரைக் கொண்டே செய்த அளவீடுகள் இந்தப் படத்தை முழுமையாக்குகின்றன. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாள்களில் பூட்டி நிறுத்திய காரின் உட்காற்று ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்ததையும், அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்ததையும், சன்னலைச் சற்றே இறக்கி வைத்தது ஏறத்தாழ எந்தப் பயனையும் தரவில்லை என்பதையும் காட்டியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் 38 டிகிரிக்கு மேற்பட்ட நாள்களில் அளந்தபோது, வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உட்காற்று சராசரியாக 47 டிகிரியாகவும், டேஷ்போர்டு 69 டிகிரியாகவும், ஸ்டீயரிங் சக்கரம் 53 டிகிரியாகவும், இருக்கை 51 டிகிரியாகவும் இருந்தன. நிழலில் நின்ற கார்களிலோ இவை முறையே 38, 48, 42, 41 டிகிரிகளே. காற்றின் வெப்பநிலையைவிடத் திடப்பொருள்களின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதுதான் இந்த எண்களில் கூர்ந்து கவனிக்க வேண்டியது.

அதன் முக்கியத்துவம் ஓர் எளிய கணக்கில் புலப்படும். சிறிய காரின் உள்வெளி ஏறக்குறைய மூன்று கன மீட்டர். அதிலுள்ள காற்றின் எடை மூன்று அல்லது மூன்றரைக் கிலோதான். நடுத்தரக் காரின் ஏசி நொடிக்கு 4 கிலோஜூல், அதாவது 4 கிலோவாட் என்ற விகிதத்தில் வெப்பத்தை அகற்றுவதாகக் கொண்டால், அந்தக் காற்றை மட்டும் 50 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறக்க அரை நிமிடம்கூடத் தேவையில்லை. டேஷ்போர்டு, இருக்கைகள், கதவுப் பலகைகள், கூரை விரிப்பு என நூறு கிலோவுக்குக் குறையாத பொருள்களில் ஊறிக்கிடக்கும் வெப்பத்தை அகற்றவோ, அதே ஏசிக்குக் கால்மணி நேரமும் அதற்கு மேலும் பிடிக்கும். ஏசியை இயக்கிய முதல் பத்து நிமிடங்களில் அது குளிர்விப்பது பயணியை அன்று, பிளாஸ்டிக்கையும் பஞ்சையும்தான். காற்று குளிர்ந்த மறுகணமே இந்தப் பொருள்கள் அதை மீண்டும் சூடாக்குகின்றன. கறுப்பு நிறமும் வெள்ளி நிறமும் கொண்ட, ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கார்களை வைத்து லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளி நிறக் காரின் கூரை 25 டிகிரி வரையிலும் உட்காற்று 5 முதல் 6 டிகிரி வரையிலும் குறைவாக இருந்தன என்பதால், ஏசியின் சுமை அதை இயக்குவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

குளிர் உண்டாக்கப்படுவதில்லை

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொட்டும் இயந்திரம். அது இயங்குவதன் அடிப்படை, ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அதன்மீதுள்ள அழுத்தம் தீர்மானிக்கிறது என்னும் உண்மை. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்திலுள்ள புணேயில் வளிமண்டல அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் 98 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீருக்குப் பதிலாக, வளிமண்டல அழுத்தத்தில் உறைநிலைக்கும் கீழே 26 டிகிரியில் கொதிக்கும் ஆர்-134ஏ போன்ற குளிர்பதனப் பொருளை எடுத்துக்கொண்டு, அதன் அழுத்தத்தை விரும்பியபடி கூட்டிக் குறைத்தால், அதை 5 டிகிரியில் கொதிக்கவும் வைக்கலாம், 60 டிகிரியில் திரவமாகவும் மாற்றலாம். திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆவி மீண்டும் திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளிவிடுகிறது. வெப்பமானியில் உயர்வு காட்டாமல் இவ்வாறு உள்ளேறி வெளியேறும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

சிறிய கார் ஒன்றில் இந்தப் பொருள் அரைக் கிலோ அளவுதான் இருக்கும். அது நான்கு பாகங்கள் வழியாக ஓயாமல் சுற்றிவருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயில், அதாவது ஆவியாக்கியில், தாழ்ந்த அழுத்தத்தில் அது கொதித்து, விசிறி தள்ளும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அழுத்திச் சூடேற்றுகிறது. காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர், அதாவது ஆவிசுருக்கியில், சூடான ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அத்திரவம் விரிவு வால்வின் நுண்துளை வழியே பீய்ச்சப்பட்டு அழுத்தம் இழந்து, குளிர்ந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்குள் நுழைகிறது. பணிமனை அழுத்தமானியின் நீல முகம் கொதிக்கும் பக்கத்தின் தாழ்ந்த அழுத்தத்தையும், சிவப்பு முகம் திரவமாகும் பக்கத்தின் உயர்ந்த அழுத்தத்தையும் காட்டுகின்றன. அனுபவமுள்ள மெக்கானிக் அந்த இரண்டு எண்களிலிருந்தே, உள்ளே எந்த வெப்பநிலையில் கொதிப்பும் எந்த வெப்பநிலையில் திரவமாதலும் நடக்கின்றன என்று சொல்லிவிடுவார்.

இந்தச் சுற்றில் மீற முடியாத நிபந்தனை ஒன்று உண்டு: வெப்பம் தானாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும் என்பதால், கண்டென்சருக்குள் இருக்கும் ஆவி வெளிக்காற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். வெளியே 30 டிகிரி உள்ள நாளில் ஆவி 50 டிகிரியில் திரவமானால் போதும். அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 13 மடங்கு அழுத்தம் வேண்டும். வெளியே 45 டிகிரி என்றால் 65 டிகிரியை எட்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 19 மடங்கு அழுத்தம் தேவை. கொதிக்கும் பக்கத்திலோ இரு நாள்களிலும் மூன்றரை மடங்கு அழுத்தமே இருக்கிறது.

வெயில் ஏற ஏறத் தளர்வது ஏன்

கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரோடு ஏசியை ஒப்பிட்டால் இந்தத் தளர்ச்சி எளிதில் விளங்கும். தொட்டியை ஒரு மாடி உயரத்திலிருந்து மூன்று மாடி உயரத்துக்கு மாற்றினால், அதே மோட்டார் அதே மின்சாரத்தில் குறைவான நீரையே ஏற்றும். மோட்டாரில் பழுதில்லை, ஏற்ற வேண்டிய உயரம் கூடிவிட்டது. ஏசிக்கு அந்த உயரம் என்பது, வெப்பத்தை எடுக்கும் இடத்துக்கும் கொட்டும் இடத்துக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு. 5 டிகிரியில் எடுத்து 50 டிகிரியில் கொட்டும்போது அந்த ஏற்றம் 45 டிகிரி. 65 டிகிரியில் கொட்டும்போது 60 டிகிரி. எந்தக் குறையும் இல்லாத கற்பனை இயந்திரத்துக்கே, செலவிடும் ஆற்றலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி இந்த மாற்றத்தால் கால்பங்கு குறைகிறது. உராய்வும் கசிவும் உள்ள உண்மையான கம்ப்ரசரில் இழப்பு இன்னும் கூடுதல். வெயில் ஏறும்போது அகற்ற வேண்டிய வெப்பச்சுமை பெருகுகிறது, அகற்றும் திறனோ அதே நேரத்தில் சுருங்குகிறது. இந்த இரட்டை அடிதான் ஜூலையின் ஏசியை ஏப்ரலில் வேறு இயந்திரம்போல் ஆக்குகிறது.

போக்குவரத்து நெரிசல் இதைக் கடுமையாக்குகிறது. பாணேர் சாலையிலிருந்து பல்கலைக்கழகச் சந்திப்பை நோக்கி ஊர்ந்துசெல்லும் காரில், எஞ்சின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுகளை ஒட்டியே சுழல்வதால், பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரசரும் மெதுவாகவே சுழன்று குறைந்த அளவு ஆவியையே நகர்த்துகிறது. ஓடும்போது தானாக முகப்பில் மோதும் காற்று நின்றுவிடுவதால் கண்டென்சர் தன் மின்விசிறியை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த விசிறி தள்ளிய சூடான காற்றிலும் ஒரு பகுதி காரின் அடியில் சுற்றிக்கொண்டு மீண்டும் முகப்புக்கே வந்துசேர்கிறது. அதே கார் மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி எண்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டியவுடன் சில நிமிடங்களில் குளிர்ச்சி மீண்டுவிட்டால், கேஸ் குறைபாட்டைவிட நெரிசலே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓடும்போது நன்றாகவும் நிற்கும்போது மட்டும் மிக மோசமாகவும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவை கண்டென்சர் விசிறியும், கண்டென்சர் இதழ்களில் அடைந்துள்ள தூசியும்தான். புணேயின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு என்பதால், விசிறி சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பத்தைச் சுமந்துபோகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு.

கோடைதோறும் தேவையின்றிக் கேஸ் ஏற்றும் பழக்கம் இங்கேதான் தீங்காகிறது. அளவுக்கு மிஞ்சிய குளிர்பதனப் பொருள் கண்டென்சருக்குள் திரவமாகத் தேங்கி, ஆவி திரவமாவதற்கு வேண்டிய பரப்பைக் குறைக்கிறது. அழுத்தம் மேலும் ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும் நிலைகூட வரலாம். எனவே கூடுதலாக ஏற்றிய கேஸ், கடும் வெயிலில் குளிர்ச்சியைக் கூட்டாது, குறைக்கவே செய்யும்.

புணேயின் 42 டிகிரியும் சென்னையின் 36 டிகிரியும்

ஏசியின் சுமையை வெப்பமானி மட்டும் சொல்லிவிடாது. புணேயின் ஏப்ரல் நண்பகலில் வெப்பநிலை 42 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 12 விழுக்காடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ காற்றில் ஆறரைக் கிராம் நீராவிதான் இருக்கும். அந்தக் காற்றை 7 டிகிரி வரை குளிர்வித்தாலும் அதிலிருந்து நீர் பிரியாது. எனவே ஏசி செய்ய வேண்டியது வெப்பநிலையைக் குறைப்பது ஒன்றே: கிலோவுக்கு ஏறத்தாழ 34 கிலோஜூல். கடற்காற்று வீசும் சென்னையில் 36 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பிற்பகலில், ஒரு கிலோ காற்றில் 22 கிராமுக்கும் மேல் நீராவி இருக்கிறது. அதே குளிர்ச்சிக்குக் கொண்டுவர, வெப்பநிலையைக் குறைக்க 28 கிலோஜூலும், 15 கிராம் நீராவியை நீராக்கிப் பிரிக்க மேலும் 37 கிலோஜூலும் தேவை. வெளிக்காற்றை உள்ளிழுத்து ஓட்டினால், சென்னையின் 36 டிகிரி புணேயின் 42 டிகிரியைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுமை.

இந்தக் கணக்குக்குக் கண்கண்ட சான்று காருக்கு அடியில் கிடைக்கிறது. சென்னையில் ஏசி போட்டு நிறுத்திய காரின் அடியில் பத்து நிமிடத்தில் சிறு குட்டையாக நீர் தேங்கும். ஏப்ரல் புணேயில் அந்த நீரை வெளியேற்றும் குழாயின் நுனி பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கும். நீர் சொட்டாததைக் கண்டு ஏசி வேலைசெய்யவில்லை என்று முடிவு செய்வது, உலர்ந்த ஊரில் தவறான முடிவு. ஆகவே சென்னையில் வாழும் உறவினரின் காரையும் புணேயில் ஓடும் காரையும் காற்றுத்துளையில் வைத்த வெப்பமானியால் மட்டும் ஒப்பிடுவது, வெவ்வேறு எடைகளைத் தூக்கும் இருவரை வேகத்தால் மட்டும் அளப்பது ஆகும்.

அப்படியானால் எவ்வளவு?

காற்றுத்துளையில் வரும் காற்றின் வெப்பநிலைக்கு இயற்கையாகவே ஒரு கீழெல்லை உண்டு. கூலிங் காயிலின் பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போனால், அதில் படிந்த ஈரம் பனிக்கட்டியாகிக் காற்றின் வழியையே அடைத்துவிடும்; எனவே உணர்கருவி ஒன்று அதற்கு முன்பே கம்ப்ரசரைத் தணிக்கிறது அல்லது நிறுத்துகிறது. இதனால் இதமான நாள்களில் காற்றுத்துளையில் 5 முதல் 8 டிகிரி வரை கிடைப்பதே நல்ல ஏசியின் இயல்பு. கடும் வெயிலில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. கூலிங் காயிலை ஒருமுறை கடக்கும் காற்று, விசிறி முழு வேகத்தில் இருக்கையில், 20 முதல் 25 டிகிரி வரை குளிர்வதே சராசரிக் காரின் திறன். 43 டிகிரி வெளிக்காற்றை அப்படியே உள்ளிழுத்தால் 20 டிகிரியை ஒட்டிய காற்றுதான் வரும். உள்ளேயுள்ள காற்றையே மறுசுழற்சி செய்து, அது 30 டிகிரிக்கு இறங்கிய பிறகு அதே காயிலில் செலுத்தினால் 10 டிகிரியை நெருங்கலாம். ஒரே காரில், ஒரே நாளில், ஒரு பொத்தானின் நிலையைப் பொறுத்து இந்த இரு எண்களும் கிடைக்கும் என்பதால், எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத வெப்பநிலைக்குப் பொருள் இல்லை.

பொறியியலாளர்கள் இதனால்தான் காற்றுத்துளையை மட்டும் நம்புவதில்லை. வாகனத்தை வெப்ப அறைக்குள் 43 அல்லது 45 டிகிரியில், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் என்ற நண்பகல் வெயிலுக்கு இணையான விளக்கொளியின் கீழ் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஊறவைத்து, பிறகு மிதமான வேகத்தில், அதன்பின் கூடுதல் வேகத்தில், இறுதியாக நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, பயணிகளின் மூக்குயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானிகள் நிமிடந்தோறும் காட்டும் அளவுகளைப் பதிவு செய்வதே வழக்கமான குளிர்விப்புச் சோதனை. நல்ல அமைப்பு, இருபது முதல் முப்பது நிமிட ஓட்டத்தில் மூக்குயரக் காற்றை 25 டிகிரியை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். நின்ற நிலையில் அது சில டிகிரி ஏறுவதைக் குறையாகக் கொள்வதில்லை. அப்போதும் கூரையும் டேஷ்போர்டும் உமிழும் வெப்பக் கதிர்கள் தோலைச் சுடும் என்பதால், வெப்பமானி 25 காட்டினாலும் உடல் அதைவிடக் கூடுதலாகவே உணரும்.

வாகன உரிமையாளரும் இதே முறையைச் சுருக்கமாகக் கையாளலாம். புறப்படும்போது சன்னல்களை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டினால், 50 டிகிரிக் காற்று வெளியேறி 43 டிகிரிக் காற்று அதன் இடத்தைப் பிடிக்கும். உட்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு மறுசுழற்சிக்கு மாற்றி, விசிறியை உச்சத்தில் வைத்து அரைமணி நேரம் ஓட்டிய பின், நடுக்காற்றுத்துளையில் 10 முதல் 15 டிகிரிக்குள் கிடைத்தால் ஏசி நலமாக இருக்கிறது. ஓடும்போதே 20 டிகிரிக்கு மேல் நின்றுவிட்டால்தான் பழுதைத் தேட வேண்டும். நால்வர் செல்லும் காரில் மறுசுழற்சியை மணிக்கணக்கில் தொடர்ந்தால், மூச்சில் வெளியேறும் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் தருவதால், இடையிடையே வெளிக்காற்றை அனுமதிப்பது இன்றியமையாதது. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருவதால், முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற மோட்டார் வாகன விதியை மீறாமலேயே, அகச்சிவப்பைத் திருப்பும் கண்ணாடிகளால் சுமையைக் குறைக்க முடியும்.

நாளைய வாகனங்கள்

இப்போதைய ஆர்-134ஏ, வளிமண்டலத்தில் கசிந்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதைத் தடைசெய்தது. 2021இல் கிகாலி உடன்பாட்டை ஏற்ற இந்தியா, இவ்வகைப் பொருள்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க உறுதியளித்துள்ளது. மாற்றாகக் கருதப்படும் கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஐரோப்பாவின் குளிரில் எளிதாக இயங்கும் அந்த அமைப்பு, புணேயின் ஏப்ரலில் வளிமண்டல அழுத்தத்தின் நூறு மடங்குக்கு ஏறிப் பாடுபட வேண்டியிருக்கும். மின்வாகனங்களிலோ கம்ப்ரசர் தனி மோட்டாரில் சுழல்வதால், நெரிசலில் குளிர்ச்சி தளரும் சிக்கல் பெரிதும் குறைகிறது. ஆனால் பேட்டரியையும் அதே ஏசிதான் பல வாகனங்களில் குளிர்விக்க வேண்டியிருப்பதாலும், குளிர்விக்கும் ஆற்றல் ஓடும் தொலைவிலிருந்தே எடுக்கப்படுவதாலும், நிழலில் நிறுத்துவதன் மதிப்பு அங்கே இன்னும் கூடுகிறது.

இவை வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. எஞ்சினின் மேலேயே அமர்ந்து நாள்முழுதும் ஓட்டும் லாரி ஓட்டுநருக்கு, 45 டிகிரி வெயிலில் கேபினின் வெப்பநிலை அவருடைய விழிப்பையும், சாலையில் எதிர்வருவோரின் உயிரையும் தீர்மானிக்கிறது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்த விதி 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சோதனை ஐஎஸ் 14618 என்ற இந்தியத் தரநிலையின்படி நடைபெற வேண்டும். 1966இல் தொடங்கப்பட்டு, பாணேருக்குத் தெற்கே வேதாள் குன்றில் இயங்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள வாகன ஆய்வு மையமும் நாட்டின் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளுள் முக்கியமானவை.

ஆக, கடும் வெயிலில் கார் ஏசி எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்பதற்கு ஒற்றை எண்ணாக விடை இல்லை. 43 டிகிரியில் ஊறிய வாகனத்தின் மூக்குயரக் காற்று எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்பதே சரியான விடை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பரக் கையேடுகளில் இந்த அளவு வழக்கமாக இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு காருக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் அது சோதித்து வெளியிடப்பட வேண்டும். வாங்குவோர் அதைக் கேட்க வேண்டும். அதுவரையிலும், அதற்குப் பின்னும், ஒரு விதி மட்டும் எந்த ஏசியையும் சாராமல் நிற்கும்: ஐந்து நிமிட வேலைதான் என்றாலும், வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் குழந்தையை விட்டுச் செல்லக் கூடாது.